புகை எப்போது வருகிறது என்று கேட்ட பிறகு எஞ்சினைத் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் ஒரு கேள்வி–பதில் வெளிவந்தது. எஞ்சின் வேலை முடித்து எடுத்த தன்னுடைய டர்போ காரில் நீலப்புகை வருவதாக ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சிலிண்டர் சுவரோடு பிடிக்கவில்லை, மறுபடி பிரித்துப் புது ரிங் போடுவதுதான் வழி என்று அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. அதோடு, புது எஞ்சினை முதலில் ஓரிரு மணி நேரம் ஐட்லிங்கிலேயே, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்ற இடத்திலேயே, ஓடவிட்டால் ரிங் தானாகப் படிந்துவிடும் என்ற அறிவுரையும் சேர்ந்திருந்தது. திறன் கூட்டிய கார்களின் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவன் நான். முதல் பதில் அவசரப்பட்டுச் சொன்னது. இரண்டாவது அறிவுரை நல்ல எஞ்சினையும் கெடுத்துவிடக் கூடியது. இரண்டையும் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்பதில் ஐயமில்லை. வெள்ளையாகக் கிளம்பிச் சில அடி தூரத்திலேயே கரைந்துபோவது நீராவி, கறுப்பாக வருவது எரிந்து தீராத பெட்ரோல். இவ்வளவும் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் ஆயில் எரிகிறது என்பதற்கும் ரிங் கெட்டுவிட்டது என்பதற்கும் நடுவே ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் எஞ்சினைத் திறக்காமலேயே கண்டுபிடிக்கக் கூடியவை, திறக்காமலேயே சரிசெய்யவும் கூடியவை.

முதலில், புதிதாகப் பூட்டிய எஞ்சின் முதல் ஸ்டார்ட்டில் புகைவிடுவது இயல்பு. பிஸ்டனை உள்ளே இறக்கும்போது சிலிண்டர் சுவரிலும் ரிங்கிலும் ஆயில் தடவித்தான் இறக்குகிறோம். வால்வுத் தண்டுகளில் தடவியது, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கையாளும்போது அதன் போர்ட்டுகளில் (வாயு போய்வரும் துளைகளில்) வழிந்தது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் பதிந்த ஆயில் கைத்தடம், துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அடித்த ஸ்பிரே எல்லாம் முதல் சூட்டில் ஒன்றாகக் கிளம்பும். பழைய எஞ்சின் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது என்றால் அதன் கணக்கும் சேர்ந்துகொள்ளும்: சைலன்சருக்குள் இருக்கும் பஞ்சு மாதக்கணக்கில் ஆயிலை உறிஞ்சி வைத்திருக்கும், நீண்ட நேரம் சூட்டில் ஓடினால்தான் அது காயும். ஆகவே ஸ்டார்ட் செய்த 10 நிமிடத்தில் குழாயின் பின்னால் நின்று தீர்ப்புச் சொல்வது வீண். புகை நேரத்தோடு குறைந்துகொண்டே வருகிறதா, அப்படியே நிற்கிறதா, கூடுகிறதா என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது.

இதை நான் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், 86 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) கொண்ட நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தேன். ஃபோர்ஜ்டு பிஸ்டன், புது ரிங், கொஞ்சம் பெரிய டர்போ. எடுத்துப்போனவர் நான்காம் நாளே திரும்பி வந்தார். ஓட்டும்போது ஒன்றுமில்லை, சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கும் அளவுக்குப் புகை கிளம்புகிறது என்றார். நோயின் பெயரையே அந்த மனிதர் சொல்லிவிட்டார் என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தெரியவில்லை. ரிங்தான் என்று முடிவுகட்டி எஞ்சினை இறக்கிப் பிரித்தேன். ஹோனிங் கோடுகள், அதாவது சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்க்கும்போது விழும் மெல்லிய கோடுகள், நான்கு சிலிண்டரிலும் அழகாக இருந்தன. ரிங்குகளின் முகத்தில் சுற்றிலும் ஒரே சீராக மெல்லிய பளபளப்பு விழத் தொடங்கியிருந்தது. குறை ஒன்றும் அகப்படவில்லை. பிரித்துவிட்டோமே என்பதற்காகப் புது ரிங் போட்டுப் பூட்டினேன். காரை வெளியே எடுத்து ஐட்லிங்கில் விட்டேன். மூன்றாவது நிமிடத்தில் அதே புகை.

காரணம், டர்போவிலிருந்து சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு) ஆயில் இறங்கும் ரப்பர் குழாய். பெரிய டர்போ பழையதைவிடச் சற்றுக் கீழே உட்கார்ந்ததால் அந்தக் குழாய் எஞ்சின் மவுன்ட்டின் மேல் படுத்து, பாதி நசுங்கி, நடுவில் ஒரு தொட்டில்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கையை விட்டுத் தடவியிருந்தாலே தெரிந்திருக்கும். இரண்டு முறை எஞ்சினை ஏற்றி இறக்கிய நான் இரண்டு முறையும் அதே குழாயை அதே இடத்தில்தான் மாட்டியிருந்தேன்.

டர்போவின் தண்டில் இருப்பவை தண்ணீர்க் குழாயில் போடுவதுபோன்ற ரப்பர் சீல்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது பிஸ்டன் ரிங் போன்ற ஒரு சிறு உலோக வளையம். வெளியே இருக்கும் வாயு அழுத்தமும், உள்ளே இருக்கும் ஆயில் தேங்காமல் உடனே கீழே இறங்கிவிடுவதும் சேர்ந்தால்தான் அது ஆயிலைத் தடுத்து நிறுத்தும். பேரிங்கைத் தாண்டிய ஆயில் நுரையாகி, அழுத்தம் எதுவுமின்றிப் புவியீர்ப்பால் மட்டுமே கீழே வடிகிறது. அதனால்தான் உள்ளே வரும் ஆயில் குழாய் பென்சில் தடிமனிலும் வெளியேறும் குழாய் கட்டைவிரல் தடிமனிலும் இருக்கின்றன. வெளியேறும் குழாய் கூடிய வரை நேர்கீழாக, செங்குத்திலிருந்து 35 பாகைக்கு மேல் சாயாமல் இறங்க வேண்டும். சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆயில் பேரிங் அறையிலேயே தேங்கி, எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரமான டர்பைன் பக்கம் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும் ஐட்லிங் நேரத்தில் எக்ஸாஸ்ட்டுக்குள் கசியும். பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் வரத்தைக் குறைக்க 1 மி.மீ. அளவுத் துளையுள்ள ஒரு ரெஸ்ட்ரிக்டர் போடுவார்கள். எஞ்சின் வேலையின்போது அது தொலைந்துபோனாலும், புது ஆயில் பம்ப் போட்டு அழுத்தம் கூடினாலும் இதே புகைதான் வரும். நான் இப்போது செய்வது இதுதான்: டர்போவுக்குப் பின்னால் உள்ள குழாயைக் கழற்றி டர்பைனைப் பார்க்கிறேன், அது நனைந்திருந்தால் மேனிஃபோல்டையும் கழற்றி ஹெட்டின் எக்ஸாஸ்ட் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். டர்பைன் ஈரம், போர்ட்டுகள் காய்ந்த சாம்பல் நிறம் என்றால் எஞ்சினுக்கு இதில் பங்கில்லை. அரை நாள் வேலை.

ஆகவே மெக்கானிக் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, புகை எப்போது வருகிறது என்பது. புகை வருகிறதா என்று கேட்டால் ஆம் என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். எப்போது என்று கேட்டால் பாதி எஞ்சின் கண்முன் திறந்துவிடும். இரவு முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரே ஒரு கொத்துப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால், ஹெட்டில் தங்கிய ஆயில் வால்வுத் தண்டு வழியாக ஒவ்வொரு துளியாக இரவில் இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்தத் தண்டைச் சுற்றியுள்ள ஸ்டெம் சீலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலமாக ஒரு மேகம் எழுந்தால் அதுவும் பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான். த்ராட்டில் மூடியிருக்கும்போது காற்று உள்ளே வரும் வழியான இன்டேக்கில் வெற்றிடம் உச்சத்தில் இருக்கும். அது வால்வுத் தண்டு ஏறியிறங்கும் கைடுக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக ஆயிலை உறிஞ்சும். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: அதே வெற்றிடம் சிலிண்டருக்குள்ளும் இருக்கிறது, வலுவிழந்த ஆயில் ரிங்கைத் தாண்டியும் அது ஆயிலை மேலே இழுக்கும். இந்த இரண்டையும் புகையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாக வேண்டும்.

புது ஸ்டெம் சீல் எப்படிக் கெடும் என்று கேட்பார்கள். பூட்டும்போதே கெடும். வால்வுத் தண்டின் நுனியில் ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் காட்டர் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கத்திபோல இருக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டாமல் சீலை இறக்கினால் ரப்பர் உதட்டில் கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல் விழும். தட்டி உட்காரவைக்கும்போது கோணலாக இறங்கினாலும், இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் வெவ்வேறு சீல் உள்ள எஞ்சினில் இடம் மாறிப்போனாலும் இதே கதிதான். கைடு தேய்ந்திருந்து சீலை மட்டும் மாற்றினால், ஆடும் தண்டு புதுச் சீலையும் சில வாரங்களில் அகலப்படுத்திவிடும்.

முழு வேகத்தில், சுமை ஏறும்போது தொடர்ந்து நீலம் வந்தால் அப்போதுதான் சிலிண்டர் பக்கம் திரும்ப வேண்டும். அங்கும் உடனே ரிங் என்று சொல்லிவிடக் கூடாது. எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு எந்த எஞ்சினிலும் ரிங்கைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், கூட்டிய எஞ்சினில் அது பல மடங்கு. அதை வெளியேற்றும் பிரீதர் குழாய் சிறுத்திருந்தாலும், அதில் வரும் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் கேன் நிரம்பி அடைத்திருந்தாலும், உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த வழியிலெல்லாம் ஆயிலைத் தள்ளும். டர்போ வடிகுழாயில் ஆயில் இறங்காமல் எதிர்த்துத் தள்ளுவதும் அதே அழுத்தம்தான். கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வு பூஸ்ட்டைத் தடுக்காவிட்டால் டர்போவின் காற்று நேராகக் கிராங்க்கேஸுக்குள்ளேயே புகுந்துவிடும். டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சந்தேகம் வந்தால், பிரீதர் குழாய்களை இன்டேக்கிலிருந்து கழற்றி, இன்டேக் பக்கத் துளைகளை அடைத்துவிட்டு, குழாய்களை ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம். புகை நின்றுவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டான். பாட்டிலில் சேர்ந்த ஆயிலின் அளவே எவ்வளவு போய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்லும். நிஸான் ஆர்பி26 எஞ்சினில் நீண்ட நேரம் உயர் சுழற்சியில் ஓடும்போது ஆயில் ஹெட்டிலேயே தேங்கிப் பிரீதர் வழியாக வெளியேறுவது அந்த எஞ்சின்காரர்கள் அனைவரும் அறிந்தது. ஹெட்டுக்குப் போகும் ஆயில் வழியில் ரெஸ்ட்ரிக்டர் வைப்பதும், ஹெட்டின் பின்புறத்திலிருந்து சம்ப்புக்குத் தனி வடிகுழாய் இழுப்பதும் அதற்காகவே. பெரிய ஆயில் பம்ப் போட்டுவிட்டு இவற்றை விட்டுவிட்டால் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். வேறு சம்ப்போ வேறு டிப்ஸ்டிக் குழாயோ மாட்டிய எஞ்சினில் பழைய கோடு பொய் சொல்லும். சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிச் சிலிண்டர் முழுக்க வீசிக்கொண்டிருக்க, மேலே நாம் ரிங்கைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம். வி வடிவ எஞ்சின்களில் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் கீழ்ப்புறத்தில் சரியாக உட்காராவிட்டால், நடுப்பள்ளத்திலிருந்து ஆயில் நேராக இன்டேக் போர்ட்டுக்குள் உறிஞ்சப்படும். வெளியே எந்தக் கசிவும் தெரியாது. பிரீதர்களை எல்லாம் அடைத்துவிட்டு ஐட்லிங்கில் ஆயில் மூடித் துளையின் மேல் உள்ளங்கையை வைத்தால் கையை அது உள்ளே இழுக்கும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் தனிக்கதை. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 போன்ற கார்களில் நுனி சீல்களுக்கு ஆயில் வேண்டும் என்பதற்காகவே ஒரு பம்ப் வைத்து அறைக்குள் ஆயிலைச் செலுத்துகிறார்கள். அங்கே சிறிது ஆயில் எரிவது அமைப்பின் பகுதி.

இனி, ஏமாறுபவர்கள் அதிகம் உள்ள இடத்துக்கு வருகிறேன். புகை என்றதும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்க்கிறார்கள். நான்கு சிலிண்டரிலும் எண் நன்றாக வந்தால் ரிங் நன்றாக இருக்கிறது என்று ஒரு சாரார் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். பிஸ்டனில் மூன்று பள்ளங்கள் உள்ளன. மேலிரண்டில் இருப்பவை முக்கியமாக வாயுவைப் பிடிக்கும் ரிங்குகள். மூன்றாவதில் இருப்பது ஆயிலை வழித்துக் கீழே அனுப்பும் ரிங். கம்ப்ரஷன் கேஜ் அளப்பது முதல் இரண்டின் வேலையை மட்டுமே. மூன்றாவது ரிங் முற்றிலும் செத்துக் கிடந்தாலும் கேஜ் நல்ல எண்ணையே காட்டும். சொல்லப்போனால் கூடுதலாகவே காட்டும், ஏனென்றால் சிலிண்டரில் நிற்கும் ஆயில் மேல் ரிங்குகளின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். குறைந்த கம்ப்ரஷனில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றினால் எண் ஏறுகிறதல்லவா, இங்கே அந்தக் கரண்டியை எஞ்சினே ஊற்றிக்கொள்கிறது. லீக் டவுன் சோதனை இதைவிட நுட்பமானது. சிலிண்டருக்குள் சுமார் 7 பார் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்த்து, ஆயில் மூடியில் சத்தம் கேட்டால் ரிங், சைலன்சரில் சத்தம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் என்று இடத்தையே காட்டிவிடும். ஆனால் ஆயில் ரிங்கைப் பற்றி அதற்கும் வாயில்லை.

அந்த ஆயில் ரிங் மூன்று துண்டுகளால் ஆனது: நடுவில் சுருள்போன்ற எக்ஸ்பேண்டர், மேலும் கீழும் பிளேடுபோன்ற இரண்டு மெல்லிய ரெயில்கள். எக்ஸ்பேண்டரின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று முட்டி நிற்க வேண்டும். பூட்டும் அவசரத்தில் ஒரு முனை மற்றதன் மேல் ஏறிவிட்டால் ரெயில்களைச் சுவரோடு அழுத்தும் விசையே இல்லாமல் போகும். அந்த ஒரு சிலிண்டர் ஆயிலைக் குடிக்கும், கம்ப்ரஷன் மற்ற மூன்றைப் போலவே இருக்கும். பிஸ்டனை இறக்கிய பிறகு இதை வெளியிலிருந்து பார்க்க வழியே இல்லை. நான் ஒவ்வொரு பிஸ்டனையும் ரிங் கம்ப்ரசருக்குள் விடுவதற்கு முன் அந்த முட்டும் இடத்தை விளக்கொளியில் திருப்பிப் பார்க்கிறேன். பல எக்ஸ்பேண்டர்களில் இரு முனைகளிலும் வெவ்வேறு வண்ணம் தீட்டியிருப்பார்கள், இரண்டு வண்ணமும் கண்ணில் பட்டால் சரி. இரண்டாவது ரிங்கிலும் ஒரு பொறி உண்டு. அது முகத்தில் சரிவாகவோ கீழ் விளிம்பில் கொக்கிபோலவோ வெட்டப்பட்டு, ஆயிலைக் கீழ்நோக்கிச் சுரண்டும்படி செய்யப்பட்டது. புள்ளியோ எழுத்தோ இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் ஆயிலை எரி அறைக்குள் சுரண்டிக் கொடுக்கும்.

இங்கேதான் பிளக்குகளும் போர்ஸ்கோப்பும் (துளை வழியாக உள்ளே பார்க்கும் கருவி) துணைக்கு வருகின்றன. நான்கு பிளக்கில் ஒன்று மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் பூட்டிய குறை. நான்கும் ஒரே அளவில் நனைந்திருந்தால் ஹோனிங், ரிங் படிவு, பிரீதர் என்று எல்லோருக்கும் பொதுவான காரணம். பிளக் துளை வழியாகப் போர்ஸ்கோப்பை இறக்கினால் பிஸ்டன் தலை தெரியும். ஓரம் சுற்றிலும் கழுவிவிட்டாற்போல வெளிறி நடுவில் மட்டும் கரி இருந்தால் ஆயில் கீழிருந்து, ரிங்கைத் தாண்டி வருகிறது. இன்டேக் வால்வின் முதுகில் ஈரமும் தார்போன்ற படிவும் இருந்தால் மேலிருந்து, கைடு வழியாகவோ இன்டேக் வழியாகவோ வருகிறது. இதைப் பார்த்துவிட்டுத் திறப்பவரின் கை எங்கே போக வேண்டும் என்று தெரிந்து திறக்கும்.

ஐட்லிங் அறிவுரைக்கு வருகிறேன். ரிங் சுவரோடு அழுந்துவது அதன் சொந்த விசையால் மட்டும் என்று நினைப்பதால்தான் இந்தத் தவறு பிறக்கிறது. அந்த விசை சிறிது. எரி வாயுவின் அழுத்தம் ரிங்கின் மேலே இருக்கும் இடைவெளி வழியாக அதன் முதுகுப் பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுவதுதான் பெரிய விசை. சுமை இல்லாவிட்டால் அந்த அழுத்தம் இல்லை. ஹோனிங் செய்யும்போது சுமார் 45 பாகையில் குறுக்கும் நெடுக்குமாக விழும் கோடுகளின் கூர்முனைகளை ரிங் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். பள்ளங்கள் ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இது நடப்பதற்கு எஞ்சினின் வாழ்நாளில் கிடைப்பது முதல் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே, அதிலும் பெரும்பகுதி முதல் அரை மணி நேர ஓட்டத்தில் நடந்து முடிகிறது. அந்த நேரத்தை ஐட்லிங்கில் கழித்தால், ரிங் அழுந்தாமல் ஆயிலின் மேல் மிதக்கும். தாண்டிய ஆயில் சூட்டில் வெந்து வார்னிஷ்போலச் சுவரில் படிந்து கோடுகளை நிரப்பிவிடும். பிறகு அந்தச் சுவர் கண்ணாடிபோல மின்னும், ரிங் அதில் படியவே படியாது. இதற்குத்தான் போர் கண்ணாடியாகிவிட்டது என்கிறோம். பெரும்பாலும் மறுபடி ஹோனிங் செய்தால்தான் தீரும். அதாவது தங்கள் பகுதியில் வந்த இரண்டாவது அறிவுரையைப் பின்பற்றியவர் முதல் பதிலுக்கு ஆளாகிவிடுவார்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அழுத்தம், கசிவு, சூடு மூன்றையும் பார்த்துவிட்டு, எஞ்சின் இயங்கு சூட்டுக்கு வந்ததும் உடனே சாலைக்கோ, திறன் அளக்கும் டைனோவுக்கோ கொண்டுபோகிறேன். மூன்றாவது அல்லது நான்காவது கியரில் நிமிடத்துக்கு 2500 சுழற்சியிலிருந்து 4500 வரை பாதிக்கு மேல் த்ராட்டில் கொடுத்து ஏற்றி, பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கவிடுகிறேன். ஏறும்போது ரிங் அழுந்துகிறது; இறங்கும்போது வெற்றிடம் கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்துத் தேய்ந்த துகள்களைக் கழுவுகிறது. இதைப் பத்துப் பன்னிரண்டு முறை செய்தபின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்க்கிறேன். ஆயில் சாதாரண மினரல் ஆயிலாகவோ பிரேக்-இன் ஆயிலாகவோ இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் நிறைந்த விலையுயர்ந்த சின்தெடிக் ஆயில், உராய்வு தேவைப்படும் அந்த ஒரே நேரத்தில் உதவாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. தட்டை டேப்பெட் கொண்ட பழைய வகை எஞ்சினில், அந்த டேப்பெட்டுகளைத் தள்ளி வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் புதிதாகப் போட்டிருந்தால் முதல் 20 நிமிடம் 2000 முதல் 2500 சுழற்சியில் நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். கேம் பிழைப்பதற்காக அதைச் செய்கிறோம், அங்கும் ஐட்லிங் ஆகாது.

திறன் கூட்டிய எஞ்சினுக்கே உரிய இன்னொரு ஆபத்து, ட்யூனிங் முடியாத கம்ப்யூட்டரோடு முதல் ஸ்டார்ட் செய்வது. பெரிய இன்ஜெக்டர் மாட்டியிருப்பார்கள், எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மேப் பழையதாகவே இருக்கும். பெட்ரோல் ஆறாகப் பாய்ந்து சிலிண்டர் சுவரிலிருந்த ஆயிலைக் கழுவிவிடும். வறண்ட சுவரில் ரிங் உரசி முதல் நிமிடங்களிலேயே கீறல் விழும். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை அடித்தால் இதுதான் நடந்திருக்கிறது. அந்த ஆயிலை உடனே கொட்டிவிட வேண்டும்.

லேத் பட்டறைப் பக்கத்தில் எத்தனையோ சொல்லலாம், மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஹெட் போல்ட்டை முறுக்கியதும் சிலிண்டர் வட்டம் குலையும். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு விலகும் பிளாக்குகள் உண்டு. எனவே ஹெட் இருக்கும் இடத்தில் தடித்த டார்க் பிளேட்டைப் பூட்டி அதே அளவு முறுக்கிவிட்டு ஹோனிங் செய்ய வேண்டும். ரிங் இடைவெளியை, அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடத்தை, தொழிற்சாலை எஞ்சினுக்குரிய அளவில் விட்டுவிடக் கூடாது. டர்போ இல்லாமல் இயல்பாக மூச்சுவிடும் எஞ்சினுக்குப் போர் அளவில் 1000க்கு 4 பங்கு, அதாவது 86 மி.மீ. போருக்கு 0.34 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. டர்போவுக்கு 5 முதல் 6 பங்கு வேண்டும். ரிங் செய்தவர் தந்த எண் இருந்தால் அதுவே முடிவு. குறைவாக விட்டால் சூட்டில் முனைகள் முட்டிப் பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேடே உடைந்துபோகும். அதன் பிறகு வருவது நிற்காத புகை. மூன்றாவது, கழுவுதல். ஹோனிங் கல்லின் துகள் கோடுகளுக்குள் பதிந்திருக்கும். பெட்ரோலில் துடைத்தால் அது போகாது. சுடுநீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி, ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் வரும். மறுபடி கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை என்னிடம் எந்தப் பிஸ்டனும் உள்ளே போவதில்லை. ஐந்தாறு முறை கழுவிய நாட்கள் உண்டு.

கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போகும் முன் ஒரு வாரம் குறித்துவைத்தால் போதும்: காலை முதல் ஸ்டார்ட்டில் புகை உண்டா, சிக்னலில் எத்தனை நிமிடத்துக்குப் பின், இறக்கத்துக்குப் பிறகா, முழு மிதியிலா, எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றினார்கள், அந்த அளவு வாரத்துக்கு வாரம் குறைகிறதா. எஞ்சின் பூட்டியவரிடம் பிஸ்டன் இடைவெளி, ரிங் இடைவெளி, கைடு இடைவெளி மூன்றையும் சிலிண்டர் வாரியாக எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது. அளந்து பூட்டியவர் தயங்காமல் தருவார்.

தங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நீலப்புகைக்கான பதிலை அடுத்த வாரமோ அடுத்த மாதமோ விரிவாக வெளியிட்டாலும் பரவாயில்லை. ஐட்லிங் பற்றிய அந்த ஒரு வரிக்கு மட்டும் நாளைய பதிப்பிலேயே ஒரு திருத்தம் போடுங்கள். எஞ்சின் பூட்டி முடித்து முதல் ஸ்டார்ட்டுக்குக் காத்திருக்கும் ஒருவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கக் கூடும்.

இப்படிக்கு,
எஞ்சின் பட்டறை வைத்திருக்கும் ஒரு வாசகர்